‘அண்ணாச்சி, துப்பாக்கி போயிட்டு!’: ஏர் ரைஃபிள் பிழைகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய நெல் குடோன் இருக்கிறது. மூட்டை அடுக்கின காலம் போய், இப்போது அதில் பத்து மீட்டர் அளந்து கோடு போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாலைந்து பேர் ஏர் ரைஃபிள், அதாவது காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, சுடுகிறோம். காலேஜ் பையன்கள் இரண்டு பேர், ஒரு ஸ்கூல் பிள்ளை, ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார், அப்புறம் நான். என் காதில் அதிகம் விழுந்த புகார் ஒன்றே ஒன்றுதான்: “அண்ணாச்சி, துப்பாக்கி போயிட்டு.”

போனது துப்பாக்கியாக இருப்பது அபூர்வம். பெல்லட்டாக, அதாவது அதில் போடும் சின்ன ஈயக் குண்டாக இருக்கும், காற்றாக இருக்கும், தளர்ந்த ஒரு திருகாக இருக்கும். இல்லையென்றால் அன்றைக்குச் சுடுகிறவர் கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் வேறு இடத்தில் வைத்திருப்பார். அதனால் எங்கள் குடோனில் ஒரு ஏற்பாடு: ஸ்க்ரூ டிரைவர் பூட்டின அலமாரிக்குள் இருக்கும், சாவி என்னிடம். கீழே உள்ளதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் அலமாரி திறக்கும்.

ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பெல்லட்டை மாற்றி, குறி பார்க்கும் சைட்டையும் நாலு கிளிக் திருப்பி, கூடவே குண்டு போகும் குழலான பேரலையும் துடைத்துவிட்டால் எது குணமாக்கியது என்று யாருக்குத் தெரியும்? மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும்.

வெளிநாட்டில் பெரிய ரைஃபிளுக்குத் தாங்களே தோட்டா அடைத்துக்கொள்கிறவர்களின் பழக்கமும் இதுதான். வெடிமருந்து தயாரிப்பாளர் அச்சடித்த அட்டவணையில் உச்சம் என்று போட்ட அளவைத் தொடாமல், பத்து சதவீதம் போலக் குறைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அழுத்தத்துக்கு அடையாளம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நம்ம பக்கம் அந்தப் பேச்சே வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் குற்றம். ஆனால் காற்றில் சுடுகிற நமக்கும் மருந்து என்று ஒன்று இருக்கிறது. அது சிலிண்டரில் இருக்கும் காற்று, அல்லது ஸ்பிரிங் அழுத்துகிற காற்று. அதையும் உச்சத்திலிருந்து தொடங்கக் கூடாது.

சட்டத்தைத் தொட்டாகிவிட்டது, இதையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, பேரல் விட்டம் 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாமல், பேரல் முனையில் ஆற்றலும் 20 ஜூலைத் தாண்டாமல் இருந்தால் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டாம். கணக்கு எளிது: கிலோவில் பெல்லட் எடையில் பாதி, பெருக்கல் வேகத்தின் வர்க்கம். போட்டிக்குப் போடும் 0.53 கிராம் பெல்லட் விநாடிக்கு 275 மீட்டர் வேகத்தில் போனால் ஏறக்குறைய 20 ஜூல். போட்டி ரைஃபிளில் அது 170, 175 மீட்டர் வேகத்தில்தான் போகும். எட்டு ஜூல் போலத்தான் வரும். பெட்டியில் ‘விநாடிக்கு 1000 அடி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் மிக இலேசான கலவை உலோக பெல்லட்டை வைத்து அளந்த வேகம். காகிதத்தில் ஓட்டை போட அந்த வேகம் தேவையுமில்லை.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

மேஜை போட்டு உட்காருங்கள். மணல் பை ஒன்றை வைத்து, அதன் மேல் இடது கையை மல்லாத்தி, உள்ளங்கையில் ரைஃபிளை இலேசாக ஏந்துங்கள். ஸ்பிரிங் ரைஃபிளை நேராக மணல் பையில் சாய்க்கக் கூடாது. உள்ளே ஸ்பிரிங் தள்ளுகிற பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும், பிஸ்டன் போய் நின்றதும் முன்னால் இழுக்கும். இந்த ஆட்டத்துக்கு நடுவில்தான் பெல்லட் பேரலை விட்டு வெளியே வரும். பை மேல் இறுக்கி வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும். சிலிண்டரில் காற்று நிரப்பிச் சுடும் ரைஃபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை, பையிலேயே வைக்கலாம்.

ஐந்து குண்டு சுடுங்கள். அட்டையை மாற்றி இன்னும் ஐந்து, மறுபடி ஐந்து. நல்ல போட்டி ரைஃபிளில் ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே ஓட்டை கொஞ்சம் கிழிந்த மாதிரி இருக்கும். சாதாரண ஸ்பிரிங் ரைஃபிளில் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினாலே சந்தோஷப்படலாம்.

மேஜையில் நன்றாகக் கூடி, நின்று சுடும்போது மட்டும் சிதறினால் துப்பாக்கிக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு உங்கள் நிற்பையும் மூச்சையும் பாருங்கள். மேஜையிலும் சிதறினால் மேலே படியுங்கள்.

அறிகுறி: எல்லாத் திசையிலும் சிதறுகிறது

முதல் சந்தேகம் பெல்லட் மேல். எனக்கு இரண்டாவது சந்தேகமும் அதன் மேல்தான்.

ஒரு பையன் ரயிலில் வந்த டப்பாவை அப்படியே கொண்டுவந்து திறந்து சுட்டான். ஐந்தில் மூன்று ஒரே இடம், இரண்டு எங்கேயோ. சைட்டைத் திருப்பினான், மறுபடி அதே மூன்று, அதே இரண்டு. “அண்ணாச்சி, பேரல் வளைஞ்சிட்டு போல” என்றான். ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்று எடுத்துவரச் சொன்னேன். விளிம்பு மழுக்கின, ஒரு முழம் நீளமுள்ள கண்ணாடி. ஒரு முனைக்கடியில் ஒரு தீப்பெட்டியைப் படுக்க வைத்து, மேல் முனையில் பெல்லட்டை வைத்து உருட்டவிட்டோம். பெல்லட்டின் தலையும் பின்னால் விரிந்திருக்கும் பாவாடையும் ஒரே அகலம் இல்லை. அதனால் அது நேராக உருளாது. நிலாப் பிறை மாதிரி ஒரு வளைவு போட்டு இறங்கும். ஒரே டப்பாவில் நல்ல பெல்லட்டெல்லாம் ஒரே வளைவில் வந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும். பாவாடை நசுங்கினது நொண்டும். நாலு தடவை டக், டக் என்று தட்டிக்கொண்டு வேறு பாதையில் போய் விழும். அன்றைக்கு இருபது உருட்டினதில் ஏழு நொண்டியது. ரயிலில் மேல் பலகையிலிருந்து டப்பா விழுந்திருக்கிறது, பையன் அதை மறந்துவிட்டான். ஈயம் அவ்வளவு மெது. நகத்தால் அழுத்தினாலே தடம் விழும்.

நசுங்கினதைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மறுபடி சுடச் சொன்னேன். ஐந்தும் கூடின. வளைந்த பேரல் நிமிர்ந்துவிட்டது!

பெல்லட் நல்லதாக இருந்தும் சிதறினால், அது உங்கள் பேரலுக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நான் சொல்லும் தொடக்கம் இது: தட்டைத் தலை, தலை விட்டம் 4.50 மில்லிமீட்டர், எடை 0.53 கிராம், அதாவது 8.2 கிரெயின். இதுதான் நமக்கான பாதுகாப்பான ஆரம்ப அளவு. இதில் சுட்டுப் பார்த்துவிட்டு 4.49, 4.51, 4.52 என்று ஒவ்வொன்றாகப் போங்கள். பிறகுதான் எடையை மாற்ற வேண்டும். காகித அட்டைக்குத் தட்டைத் தலைதான். வட்டமாக வெட்டி எடுத்த மாதிரி ஓட்டை விழுவதால் மார்க்கைப் படிப்பது சுலபம். இருபது மீட்டரைத் தாண்டி டப்பாவைச் சுட்டு விளையாட உருண்டைத் தலை நல்லது. கூர்முனையைப் பார்த்தால் வீரமாக இருக்கும், ஆனால் என் நோட்டில் அது ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

ஸ்பிரிங் ரைஃபிளில் எடையின் இரண்டு கோடிக்கும் போகாதீர்கள். மிக இலேசான பெல்லட் போட்டால் பிஸ்டனுக்குக் காற்றுத் தலையணை கிடைக்காமல் முன்சுவரில் போய் மோதும். சுடுகிறபோது ‘டங்’ என்று கேட்கும், நாளடைவில் காற்றை அடைத்து நிற்கும் சீல் பிய்யும். மிகக் கனமாகப் போட்டால் பெல்லட் நகர்வதற்குள் பிஸ்டன் திரும்ப எகிறும்; வேகம் ஒரே சீராக இருக்காது.

ஒத்துப்போன டப்பா கிடைத்துவிட்டால் அதன் மேல் உள்ள தொகுதி எண்ணைக் குறித்து, அதே எண்ணில் இன்னும் நாலு டப்பா வாங்கி வைத்துவிடுங்கள். அதே கம்பெனி, அதே பெயர், அதே எடை என்றாலும் வேறு தொகுதி வேறு மாதிரி சுடும். இது ஊரில் ஒரே கடையில் ஒரே பெயரில் வாங்கின அரிசி, ஒரு மூட்டை பொலபொலவென்றும் அடுத்த மூட்டை குழைந்தும் வேகிற கதைதான்.

இதற்குப் பிறகு பேரல். ஈயம் படிந்திருந்தால் கூடாது. சுத்தம் செய்யும் ஃபெல்ட் துண்டை பெல்லட் போடும் பக்கத்திலிருந்து உள்ளே விடுங்கள், முனையிலிருந்து அல்ல. இரும்புக் கம்பி கூடவே கூடாது. முனையில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், அந்த ரைஃபிளின் குறி கெட்டுப்போகும். துடைத்தவுடன் சுடுகிற முதல் இருபது, முப்பது குண்டு அங்கே இங்கே போகும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி துடைக்காதீர்கள். அப்படித் துடைத்துத் துடைத்தே ஒரு மாதம் வீணாக்கினவரை எனக்குத் தெரியும். இரண்டு கை தள்ளிப் போக வேண்டாம், நான்தான்.

கடைசியாகத் திருகுகள். ஸ்பிரிங் ரைஃபிளின் கட்டைத் திருகு சுடச் சுடத் தளரும். அதற்கு மட்டும் அலமாரியைத் திறந்து தருவேன்.

அறிகுறி: மேலும் கீழுமாக ஒரு கோடு போல விழுகிறது

இடம் வலம் சரி. ஆனால் ஓட்டைகள் ஏணிப் படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்று. இதில் பெரும்பாலும் இரண்டே காரணம்: மூச்சு, அல்லது வேகம்.

மூச்சை மேஜைச் சோதனையிலேயே தள்ளிவிட்டோம். வேகம் என்றால் இப்படிக் கணக்குப் போடுங்கள். விநாடிக்கு 172 மீட்டர் வேகத்தில் போகிற பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க 0.058 விநாடி எடுக்கும். அதற்குள் பூமி அதைச் சுமார் 16.6 மில்லிமீட்டர் கீழே இழுத்துவிடும். வேகம் 167 ஆகக் குறைந்தால் இறக்கம் 17.6. ஐந்து மீட்டர் வேக வித்தியாசத்துக்கு ஒரு மில்லிமீட்டர். இதெல்லாம் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். பத்து மீட்டர் ரைஃபிள் அட்டையில் பத்தாம் வளையம் வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. அடுத்தடுத்த வளையங்கள் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளியில். தசமப் புள்ளியில் எண்ணும்போது 0.1 என்பது கால் மில்லிமீட்டர். ஆக, ஒரு மில்லிமீட்டர் போனால் 0.4 போச்சு. இறுதிச் சுற்றுகளில் 0.1, 0.2இல் மெடல் கைமாறுவதை டிவியில் நாமே பார்த்திருக்கிறோம்.

காற்றை ஒரே அழுத்தத்தில் விடுகிற ரெகுலேட்டர் இல்லாத சிலிண்டர் ரைஃபிள் என்றால் இந்த நோய் கிட்டத்தட்ட நிச்சயம். சிலிண்டரை உச்சம் வரை நிரப்பினால் முதல் குண்டுகள் வேகமாகப் போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். உள்ளே அழுத்தம் கூடக் கூட வால்வை அது இறுக்கி மூடிப் பிடித்துக்கொள்ளும். சுத்தியல் அடித்தாலும் கொஞ்சமே திறக்கும். காற்று குறைவாகத்தான் வரும். சுடச் சுட அழுத்தம் இறங்கி வால்வு தாராளமாகத் திறக்க, வேகம் ஏறும். கொஞ்ச நேரம் சமமாக நிற்கும். அப்புறம் காற்றே குறைந்து வேகம் விழும். அந்த நடுச் சமவெளியைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அனுமதித்த அழுத்தத்தைத் தாண்டாமல் நிரப்பி, ஐந்து குண்டுக்கு ஒரு தடவை அழுத்தம் காட்டும் கேஜ் என்ன காட்டுகிறது, ஓட்டைகள் எந்த உயரத்தில் விழுந்தன என்று இரண்டு பத்தியாக எழுதுங்கள். வேகம் அளக்கும் க்ரோனோ இருந்தால் இன்னும் சுகம். இல்லாவிட்டாலும் அட்டையே சொல்லிவிடும். உயரம் மாறாமல் நின்ற அந்த இடைவெளிக்குள் நிரப்பிச் சுட்டால் ஏணி தானாக மறையும். அதிகம் நிரப்பினால் ஆபத்து மட்டும் இல்லை, மார்க்கும் போகும்.

ரெகுலேட்டர் உள்ள ரைஃபிளிலும் ஏணி விழுந்தால் அது கம்பெனி சர்வீஸ் வேலை. திறக்காதீர்கள்.

அறிகுறி: நிரப்பின காற்று தானாக இறங்குகிறது

“அண்ணாச்சி, காத்து இறங்குது. இருநூறு இருந்துச்சு, இப்ப நூத்தித் தொண்ணூறு.”

“எப்பலே நிரப்பினே?”

“இப்பத்தான், அரை மணி நேரம் இருக்கும்.”

அப்படியென்றால் அது கசிவு இல்லை. காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்றின் அழுத்தம் கூடும். 45 டிகிரிச் சூட்டில் கேஜ் 200 பார் (அழுத்தத்தின் அலகு) காட்டினால், 30 டிகிரிக்கு ஆறும்போது 190 சொச்சம்தான் நிற்கும். வேகமாக நிரப்பினால் இந்த ஏமாற்றம் இன்னும் அதிகம். மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, அப்புறம் கேஜைப் பாருங்கள். ராத்திரி பார்த்ததும் காலையில் பார்த்ததும் ஒரே குளிர்ச்சியில் இருந்தும் இறங்கியிருந்தால்தான் கசிவு. சோப்புத் தண்ணீரை இணைப்பில் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். ஆனால் காற்று முழுவதையும் வெளியேற்றாமல் எந்த இணைப்பையும் திருகிக் கழற்றக் கூடாது.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நம்ம ஊர் வெயில் ஞாபகம் வரும். 27 டிகிரியில் 200 பார் இருந்த சிலிண்டர், அக்னி நட்சத்திரத்து மத்தியானம் கண்ணாடி ஏற்றின காருக்குள் 60 டிகிரியில் 222 பார் ஆகிவிடும். வண்ணார்பேட்டையில் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு ‘ஒரு காபி குடிச்சிட்டு வந்திருதேன்’ என்று போகிறவர்கள் சிலிண்டரையும் கையோடு எடுத்துப் போகட்டும்.

சிலிண்டருக்கும் ஆயுசு உண்டு. போட்டி ரைஃபிள் சிலிண்டர்களுக்குப் பெரும்பாலும் தயாரித்த தேதியிலிருந்து 10 வருஷம். உடம்பிலேயே தேதி பொறித்திருக்கும். பழைய ரைஃபிள் மலிவாக வருகிறது என்றால் விலையைக் கேட்பதற்கு முன்னால் அந்தத் தேதியைப் படியுங்கள்.

அப்புறம் இதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வெல்டிங் கடையில் சிலிண்டர் இருக்கிறதே, அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். வெல்டிங் கடையில் இருப்பது ஆக்சிஜன். அதிக அழுத்த ஆக்சிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் தீப்பொறியே வேண்டாம், தானாகப் பற்றி வெடிக்கும். கை போகும், கண் போகும். காற்று மட்டும்தான், அதுவும் ஈரம் வடிகட்டின காற்று. கைப் பம்பு வைத்திருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஐம்பது அடிக்கு ஒரு தடவை நிறுத்தி, பம்பை ஆறவிட்டு, வடிகாலைத் திறந்து ஈரத்தை வெளியேற்றிவிட்டுத் தொடருங்கள். அடிக்கிற சிரமத்தில் அவசரப்படத்தான் தோன்றும்.

அறிகுறி: திடீரென்று பெரிய சத்தம், புகை, கருகின வாடை

ஸ்பிரிங் ரைஃபிளில் வருவது. நான் கற்றுக்கொண்ட முதல் பாடமும் இதுதான். புதிதாக வாங்கின ரைஃபிள் லேசாகக் கிறீச்சிட்டது. வீட்டில் தையல் மெஷின் எண்ணெய் இருந்தது. மெஷினுக்கு நல்லது துப்பாக்கிக்கு ஆகாதா என்று காற்று வரும் துளை வழியாக நாலு சொட்டு விட்டேன். அடுத்த குண்டு தீபாவளி லட்சுமி வெடி போலப் போனது. பேரல் முனையில் நீலப் புகை. ‘அடேயப்பா, பவர் ஏறிட்டு’ என்று சந்தோஷப்பட்டு இன்னும் பத்து சுட்டேன். பதினோராவது ‘புஸ்’. சீல் கருகிவிட்டது, ஸ்பிரிங்கும் ஒடிந்துவிட்டது.

நடந்தது இது. பிஸ்டன் காற்றை அழுத்துகிற வேகத்தில் உள்ளே சூடு ஏறுகிறது. டீசல் இன்ஜினில் நடப்பது போல எண்ணெய்ப் புகை பற்றிக்கொள்கிறது. அதாவது நமக்குத் தெரியாமலே வெடிமருந்து போட்டுச் சுட்டிருக்கிறோம், அதுவும் அளவே இல்லாமல். தோட்டா அடைக்கிறவன் அட்டவணையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்மட்டத்தில் மருந்து கொட்டினால் என்ன ஆகுமோ அதன் குட்டி வடிவம்.

புது ரைஃபிளில் தொழிற்சாலை எண்ணெய் இருந்து முதல் சில குண்டுக்குக் கொஞ்சம் புகை வந்தால் பரவாயில்லை, தானாக நின்றுவிடும். சத்தம் பட்டாசு மாதிரி இருந்தாலோ, சில டஜன் குண்டுக்குப் பிறகும் நிற்காவிட்டாலோ சுடுவதை நிறுத்துங்கள். காற்று அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் எதுவும் போகக் கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்க்கும் இதே தடைதான். கையேடு சொன்னால் மட்டும், சொன்ன அளவு மட்டும், அதற்கென்று விற்கிற சிலிக்கான் எண்ணெய்.

அறிகுறி: வலுவே இல்லை, பெல்லட் தாழ்ந்து விழுகிறது

பேரலை மடித்துப் போடும் ரைஃபிளா? பேரல் வந்து மூடும் இணைப்பின் மேல் ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை வைத்துச் சுடுங்கள். காகிதம் எகிறினால் அங்கே உள்ள சீல் போய்விட்டது, சின்னச் செலவு. எகிறாவிட்டால் உள்ளே பிஸ்டன் சீலோ ஸ்பிரிங்கோ. அது ரிப்பேர்காரர் வேலை. அழுத்தி வைத்த ஸ்பிரிங்கை வீட்டில் கழற்றினால் அது யார் மூஞ்சிக்குப் பாயும் என்று சொல்ல முடியாது.

பெல்லட் போடாமல் சும்மா சுட்டுக் காட்டுகிற பழக்கம் உங்கள் வீட்டு வாண்டுகளுக்கு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஸ்பிரிங் உடைவதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

சுட்டும் அட்டையில் ஓட்டையே விழவில்லை என்றால் உடனே அடுத்த பெல்லட்டைப் போடாதீர்கள். முதலாவது பேரலுக்குள் சிக்கியிருக்கும். இரண்டாவதைப் பின்னால் அடித்தால் இரண்டும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். காற்று அழுத்தமோ ஸ்பிரிங் அழுத்தமோ எதுவும் இல்லாத நிலைக்குக் கொண்டுவந்து, மெதுவான முனையுள்ள துடைக்கும் குச்சியால் முனைப் பக்கமிருந்து பின்னோக்கித் தள்ளுங்கள். முனையிலிருந்து எதையும் விடாதே என்று முன்னே சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. மடக்கு ரைஃபிளில் பெல்லட் போடும்போதும் எடுக்கும்போதும் ஒரு கை பேரலை விடக் கூடாது. அது தானாக மூடிக்கொண்டால் விரல் தப்பாது.

அறிகுறி: நேற்று சரியாக இருந்தது, இன்றைக்குக் குரூப் அப்படியே நகர்ந்துவிட்டது

ஓட்டைகள் கூடித்தான் விழுகின்றன, ஆனால் வேறு இடத்தில். இது நோயே இல்லை என்று சொல்லலாம். சைட் திருகு, டெலஸ்கோப் கவ்வி, கன்னத்தின் இடம், இவற்றைப் பார்த்துவிட்டு கிளிக்கைத் திருப்பினால் முடிந்தது. 100 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர் நகர்த்துகிற கிளிக் நம்ம பத்து மீட்டரில் 0.7தான் நகர்த்தும், அதனால் இரண்டு கிளிக்கைத் திருப்பிவிட்டு ‘அசையவே இல்லை’ என்று சொல்லாதீர்கள். ஸ்பிரிங் ரைஃபிளின் இரட்டை உதை சாதாரண டெலஸ்கோப்பின் உள்ளே கண்ணாடியைத் தளர்த்திவிடும். ஏர் ரைஃபிளுக்கென்று சொல்லி விற்கிறதைத்தான் மாட்ட வேண்டும்.

திறந்த வெளியில் சுடுகிறவர்களுக்கு ஆனி, ஆடி ஒரு தனிச் சோதனை. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, அரை கிராம் பெல்லட்டை விட்டுவைக்குமா? அந்த இரண்டு மாதம் சைட்டைத் தொடாமல் சுவருக்குள் வந்து சுடுவது மேல். வெளியில் சுடும்போது கொக்கு, மடையான் மேல் குறி வைக்கிற ஆசையும் வரும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்துக்கு ஏர் கன், பெரிய கன் என்ற பேதம் கிடையாது. அந்த ஆசை உள்ளவர்கள் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு ஒரு நடை போய், வீட்டு மரத்தில் கூடு கட்டின பறவைக்கு அந்த ஊர்க்காரர்கள் கொடுக்கிற மரியாதையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அறிகுறி: டிரிகர் நினைத்த நேரத்தில் இல்லாமல் தானாகப் போகிறது

சோதனை எதுவும் வேண்டாம். அந்த நிமிஷமே பெல்லட்டை எடுத்து, அழுத்தத்தை இறக்கி, உறையில் போட்டுவிடுங்கள். டிரிகருக்குள் இருக்கும் கொக்கியை அரத்தால் ராவி ‘ஸ்மூத்’ பண்ணித் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். இது ஒன்றுதான் ‘துப்பாக்கி போயிட்டு’ என்று என்னிடம் சொல்லும்போது நான் மறுபேச்சு பேசாத இடம்.

ரிப்பேர்காரரிடம் என்ன சொல்வது

‘சரியா சுடலை’ என்று மட்டும் சொல்லி நீட்டினால் அவர் முழுவதையும் பிரிப்பார். பிரித்ததற்கும் காசு, பிரித்ததில் போனதற்கும் காசு. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ரைஃபிளோடு கட்டிவிடுங்கள். போன மாதம் வாத்தியார் எழுதிக் கொடுத்தது இது. அவர் எழுத்து எப்போதும் மணி மணியாக இருக்கும்:

“பெல்லட் 4.50, 0.53 கிராம், உருட்டிப் பார்த்தது. மேஜையில் 15 குண்டு: இடம் வலம் சரி, உயரம் 9 மி.மீ. சிதறல். கட்டைத் திருகு இறுக்கியாச்சு. இணைப்பில் காகிதம் எகிறவில்லை. எண்ணெய் விடவில்லை. டிரிகர் சரி, அதைத் தொட வேண்டாம். பிஸ்டன் சீல் மட்டும் பார்க்கவும்.”

மூன்றாம் நாளே ரைஃபிள் திரும்பி வந்தது. சீல்தான்.